டயானாவின் வலை நாற்காலி

எங்கள் தெருவில் டயானாவுக்கு ‘ஞாயித்துக்கெழம பொண்டாட்டி’ என்று ஒரு பேர் இருந்தது. கேலிதான், ஆனால் பொய் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கு வேலை சென்னையில், புருசன் மைக்கேல்ராஜுக்குப் பிழைப்பு சங்கராபுரத்தில். சனிக்கிழமை பஸ் பிடித்து வருவாள். ஞாயிறு காலையில் மாதா கோயிலுக்குப் போவாள், மத்தியானம் கறிக்குழம்பு வைப்பாள், சாயந்திரம் மறுபடியும் பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். மைக்கேல்ராஜ் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். மலைக்கு ஆளையும் மளிகைச் சாமானையும் ஏற்றிக்கொண்டு போய், சாமையும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றிக்கொண்டு இறங்குவார். அவரைச் சென்னையில் கொண்டுபோய் விட்டால் மறுநாளே ஜுரம் வந்துவிடும். வேலையை விட்டுவிட்டு வந்துவிடேன் என்று அவளுக்குப் புத்தி சொன்னவர்கள் தெருவில் நிறைய பேர். நான் சொன்னதில்லை. மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டிய குடும்பத்தில் பிறந்து, படித்து, அமெரிக்காக்காரனுடைய ஆஸ்பத்திரி பில்லை எல்லாம் பிரித்து ஒவ்வொரு வியாதிக்கும் நம்பர் போடுகிற வேலைக்குப் போனவள். அதை விடச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

நான் செவ்வந்தி. அடுத்த வீடு. வாசல் ரூமில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இருக்கட்டும், தைக்கிறவளுக்குக் கையும் காலும் தான் வேலை செய்கிறது, வாய் சும்மாதானே இருக்கிறது.

கொரோனா வந்த வருசம் கம்பெனி எல்லோரையும் கம்ப்யூட்டரைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. டயானாவும் வந்து சேர்ந்தாள். ஊரெல்லாம் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது அந்த ஒரு வீட்டில் மட்டும் கல்யாணக் களை. மைக்கேல்ராஜ் கத்தரிக்காய் நறுக்குவதென்ன, துணி உலர்த்துவதென்ன, விசில் அடிப்பதென்ன! பத்து வருசத்துக்கு மேல் வாழ்ந்து, அப்போதுதான் அவளுக்குக் காபியில் சர்க்கரை கம்மி என்பதே அவருக்குத் தெரிந்ததாம். அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரே ஒரு குறை. அந்த வீட்டில் உட்கார்ந்து வேலை செய்ய இடமில்லை. முதலில் கட்டில் மேல் உட்கார்ந்தாள், கழுத்து பிடித்துக்கொண்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்தாள், இடுப்பு போனது. பிறகு என்னிடம் சும்மா கிடந்த பழைய தையல் மிஷினை வாங்கிப்போய் அதன் பலகை மேல் கம்ப்யூட்டரை வைத்தாள். வேலை மும்முரத்தில் கால் தானாக மிதியை மிதித்துக்கொண்டே இருக்கும், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். போனில் அந்தப் பக்கம் பேசுகிறவர்கள், “உங்க வீட்ல ரைஸ் மில் இருக்கா மேடம்?” என்று கேட்பார்களாம். ராத்திரி மைக்கேல்ராஜ் தைலம் தேய்த்துவிடுவார். தெருவே தைல வாசனை.

ஐப்பசி மாசத்தில் ஒரு நாள் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

“அக்கா, கம்பெனியில சொல்லிட்டாங்க. வேணும்னா இனிமே வூட்ல இருந்தே வேலை பாக்கலாமாம். எப்பவும்!”

“அப்புறம் இன்னா? சந்தோசமா சொல்ல வேண்டியதுதான, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

“ஒரு கண்டிசன் போட்டுகிறாங்க. முதுவுக்கு முட்டு குடுக்கிற மாதிரி சரியான சேர், டேபிள் இருக்கணும். கால் தரையில படணும், முட்டிக்கை டேபிளுக்குச் சமமா இருக்கணும், ஸ்க்ரீன் கண்ணுக்கு நேரா இருக்கணும். வீடியோவுல பாப்பாங்க. சரியா இல்லன்னா பொங்கல் முடிஞ்சி மெட்ராஸ் வந்துடணும்.”

வீட்டில் வேலை பார்த்த பலருக்கு முதுகு போய், லீவு மேல் லீவு போட்டதால் வந்த சட்டமாம். ஒரு நாற்காலி சரியாக அமைந்தால் அவள் இங்கே இருப்பாள். அமையாவிட்டால் மறுபடியும் ஞாயித்துக்கெழம பொண்டாட்டி. இவ்வளவுதான் விசயம்.

கள்ளக்குறிச்சிக்கு ஜீப்பிலேயே போனோம். நானும் கூடப் போனேன், இல்லாவிட்டால் மைக்கேல்ராஜ் கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவார். எங்கள் பக்கத்தில் நாற்காலி வாங்குகிற முறையே வேறு. யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார்கள், கனமாக இருக்க வேண்டும். விரலால் தட்டிப் பார்ப்பார்கள், ‘ணங்’ என்று கேட்க வேண்டும். பிறகு “எத்தினி வருசம் வரும்?” என்று கேட்பார்கள். உட்காருவது என்பது வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு விருந்தாளி செய்ய வேண்டிய காரியம்.

மைக்கேல்ராஜ் அப்படித்தான் ஒன்றைத் தூக்கினார், தட்டினார், மயங்கிப்போனார். கறுப்புத் தோல் போட்டு, தலைக்கு மேலே அரை முழம் உயர்ந்து, சக்கரம் வைத்த பெரிய நாற்காலி. “முதலாளி சேர்ங்க இது. மில் ஓனருங்கல்லாம் இதான் வாங்கறாங்க” என்றார் கடைக்காரர். டயானா ஏறி உட்கார்ந்தாள். ஆள் காணாமல் போய்விட்டாள். என் தோளுக்குத்தான் வருவாள் அவள். கால் இரண்டும் அந்தரத்தில் ஆடியது.

“சாமி சப்பரத்துல உக்காந்த மாதிரிகீது” என்றேன். “எறங்கு.”

“நல்லாதானக்கா இருக்குது, கெத்தா” என்றார் மைக்கேல்ராஜ்.

“கெத்து உனக்கு. இடுப்பு வலி அவளுக்கு.”

கடையின் மூலையில் இன்னொன்று இருந்தது. சாம்பல் நிறம். முதுகுப் பக்கம் துணியும் இல்லை, தோலும் இல்லை, வெறும் வலை. உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம், கைப்பிடியையும் நகர்த்தலாம். டயானா கம்பெனி அனுப்பிய படத்தைப் போனில் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், நேராக அங்கே போய்விட்டாள். மைக்கேல்ராஜுக்கு முகம் தொங்கிவிட்டது. ஒரு விரலால் தூக்கினார், வந்துவிட்டது. தட்டினார், சத்தமே இல்லை.

“இன்னா டயானா இது, மீன் புடிக்கப் போறியா?”

அவள் உயரத்தை இறக்கி உட்கார்ந்தாள். பாதம் தரையில் பட்டது. முகம் மலர்ந்தது. ஆனால் நுனியில் உட்கார்ந்திருந்தாள், கோயிலில் பூசை நேரத்தில் உட்காருகிற மாதிரி, விறைப்பாக.

“சாய்ஞ்சு பாரும்மா. சாய்றதுக்குத்தான் அந்தச் சேரே” என்றார் கடைக்காரர். வயசானவர். நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பெரியவர்கள் கட்டில் பார்க்க வந்தவர்கள், அவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

டயானா சாயவில்லை. சிரித்தாள், புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள், சாயவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் பெரிய மனுசர்கள் நிற்கும்போது சாய்ந்து உட்கார மாட்டோம். யாரும் அடித்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. எலும்பிலேயே ஊறியது. பஸ்ஸில்கூட முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகத்தான் வருவோம். முதுகு என்று ஒன்று இருப்பதே வலிக்கும்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வரும். நாற்காலியில் சாயாமல் நாற்காலியை எப்படித் தேர்ந்தெடுப்பது? சுடிதாரைப் போடாமலே அளவு சரியா என்று கேட்கிற கதைதான்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, மைக்கேல்ராஜ்தான் பக்கத்தில் இருந்தார்.

“தம்பி, எல்லாரையும் இட்டுக்கினு போய் டீ வாங்கிக் குடு. கடைக்காரர் அண்ணனையும் சேத்துதான். நாங்க கூப்பிட்டாதான் வரணும்.”

“கடைய வுட்டுட்டு எப்படிம்மா…” என்றார் கடைக்காரர்.

“நான் இன்னா கட்டிலத் தூக்கி இடுப்புல சொருவிக்கினு ஓடவா போறேன்? போங்கண்ணா.”

போனார்கள். கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். டயானா மெதுவாகப் பின்னால் சாய்ந்தாள். முதலில் தோள், பிறகு இடுப்பு. வலை அவள் முதுகைப் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாளோ என்று பார்த்தால் கண்ணோரம் ஈரம்.

“இன்னாடி?”

“வலிக்கல அக்கா” என்றாள். “எங்கயுமே வலிக்கல.”

வெளியே இருந்தவர்கள் ஒரு டீ குடித்து, இன்னொரு டீயும் குடித்து, கட்டில் பார்க்க வந்தவர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்கே போய்விட்டார்கள். நான் கதவைத் திறக்கவில்லை.

மேஜை விசயத்தில் அடுத்த ரகளை. கடையில் இருந்த கம்ப்யூட்டர் மேஜையில் கீபோர்டு தட்டு முழங்காலை இடித்தது. கடைசியில் சாதாரண மர மேஜை ஒன்றை வாங்கினோம். அவள் உயரத்துக்கு அது ஜாஸ்தி. கால்களை நாலு விரல் வெட்டித் தரச் சொன்னதும் தெருக்கோடி ஆசாரி தங்கதுரை ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். புதுச் சாமான் காலை வெட்டுவது வீட்டுக்கு ஆகாதாம். “நீங்க வெட்டலன்னா நான் கத்திரிக்கோல எட்த்துக்கினு வந்துடுவேன்” என்றேன். தலையில் அடித்துக்கொண்டு வெட்டினார். கம்ப்யூட்டருக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின், ஸ்க்ரீன் கண்ணுக்கு நேராக வந்துவிட்டது.

இவ்வளவு செய்தும் டயானாவுக்கு அந்த நாற்காலி முழுசாகக் கிடைத்ததா என்றால், இல்லை. காரணம் மைக்கேல்ராஜ். கடையில் அதை மீன்வலை என்றவர், வீட்டுக்கு வந்து யாரும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து தலைகீழ். எங்கள் ஊர் வழக்கம், வீட்டில் எது நல்ல நாற்காலியோ அது வந்தவர்களுக்கு. பால்காரர் வந்தாலும் அதை உருட்டிக்கொண்டு வருவார். பங்குச் சாமியார் வந்தபோது அதில் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினார். சாமியார் முகத்தில் முதல் முறையாகப் பல்லைப் பார்த்தோம். டயானா அப்போதெல்லாம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைத் திண்டில் வைத்து, நின்றபடி அமெரிக்க வியாதிகளுக்கு நம்பர் போடுவாள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். நான்தான் கத்துவேன்.

மார்கழிக்கு முன்னாலேயே இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் தனசேகரனுக்கு அதுதான் மூச்சு. எண்பத்தேழு சாலை மறியலில் அவருடைய அப்பா ரோட்டில் உட்கார்ந்தவர், இவர் சும்மா இருப்பாரா? அந்த முறை ஊர் ஊராகக் கிராம அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று முடிவு. எங்கள் தெருமுனையில்தான் வி.ஏ.ஓ. ஆபீஸ். அதற்கு எதிரில் சாமியானா போட்டார்கள். மனுக் கொடுக்கத் தலைமை தாங்கக் கண்ணாயிரம் வருகிறார் என்றார்கள். எங்கள் பக்கத்தில் பேர் பெற்ற மனுசர். ஆனால் முதுகு வலிக்காரர். எந்த மேடையிலும் பிளாஸ்டிக் நாற்காலியில் நெளிந்து நெளிந்து உட்கார்ந்து, இரண்டு வார்த்தை பேசி, எழுந்து போய்விடுவார்.

அதே நாள் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் டயானாவுக்கு வீடியோ சோதனை.

காலையில் அவள் குளிக்கப் போயிருந்த நேரம். தனசேகரன், “தலைவருக்கு நல்ல நாற்காலி வேணுமே” என்று தெருவில் சொல்லி வாய் மூடவில்லை, மைக்கேல்ராஜ் வலை நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒருவரும் கேட்கவில்லை, அவராகவே. “பத்து மணிக்கெல்லாம் முடிஞ்சிடும்ல? அப்ப எட்த்துக்கினு போங்க” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார், எல்லோரும் நாற்காலியைப் பார்ப்பதைப் பார்க்க.

பத்து மணிக்கு முடியவில்லை. வி.ஏ.ஓ. வேறு எங்கோ போயிருந்தார், கூட்டம் காத்திருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம், கண்ணாயிரத்துக்கு முதுகு வலிக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக வலிக்கவில்லை. மனுசர் சாய்ந்து உட்கார்ந்து, மைக்கை வாங்கி, வெள்ளைக்காரன் சாதிக் கணக்கெடுத்த காலத்திலிருந்து ஆரம்பித்தார். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது, நாற்காலியிலேயே சாப்பிட்டார். மறுபடியும் பேசினார். வி.ஏ.ஓ. வந்தார், மனு வாங்கினார். தலைவர் எழுந்திருக்கவில்லை.

இரண்டரை மணிக்கு டயானா சாமியானாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பக்கத்தில் மைக்கேல்ராஜ், முகத்தில் ரத்தமே இல்லை.

“கேட்டியா?” என்றேன்.

“எப்படிக்கா கேக்கறது? பெரிய மனுசர எழுந்திருங்கன்னு எப்படிச் சொல்றது?” அழுதுவிடுவாள் போலிருந்தது.

“நீ இன்னா பண்றே அங்க?” என்று தனசேகரனைப் பார்த்தேன். அவர் சாமியானாத் துணியை அண்ணாந்து பார்த்தார். போகட்டும். இந்த மனுசனை நம்பி எந்தக் காரியம் நடந்தது? முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு நேராகத் தலைவர் பக்கத்தில் போய்க் குனிந்து சொன்னேன்.

“தலைவரே, கோச்சிக்காதீங்க. இது அந்தப் பொண்ணு வேலை செய்யற நாற்காலி. மூணு மணிக்கு இதக் கம்பெனிக்குக் காட்டணும். காட்டலன்னா அது புருசன வுட்டுட்டு மறுபடியும் மெட்ராஸ் போவணும்.”

கண்ணாயிரம் பேச்சை நிறுத்தினார். கம்பத்தருகே நின்றவளைப் பார்த்தார். “அட, முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?” என்று எழுந்தார். எழுந்தவர் நாற்காலியை யார் கையிலும் கொடுக்கவில்லை. தானே பின்னால் பிடித்து உருட்டிக்கொண்டு கிளம்பினார்.

தலைவர் கிளம்பினால் கூட்டம் சும்மா இருக்குமா? ஊர்வலம் என்று நினைத்துக்கொண்டார்கள். கொடியோடு பின்னாலேயே வந்தார்கள். பாதிப் பேர் கோசம் வேறு போட்டார்கள். முன்னால் வலை நாற்காலி, அதற்குப் பின்னால் தலைவர், அதற்குப் பின்னால் ஊர். மைக்கேல்ராஜ் முன்னால் ஓடி ஓடிக் கல்லைப் பொறுக்கிப் போட்டார், சக்கரம் தடுக்கக் கூடாதே!

டயானா வேலை செய்கிற சின்ன ரூமில் நாற்காலி போய் நின்றதும் போன் அடித்தது. ஸ்க்ரீனில் ஒரு பெண், பேர் இலக்கியா. சின்னப் பெண்தான், ஆனால் கறார். கால் தரையில் படுகிறதா என்று பார்த்தாள், சரி என்றாள். முட்டிக்கை, சரி. ஸ்க்ரீன், சரி.

“மேடம், டெய்லி எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காருங்க.”

டயானா எழுந்து மறுபடியும் உட்கார்ந்தாள். நுனியில். விறைப்பாக. வாசற்படியில் கண்ணாயிரம் நிற்கிறார், ஜன்னலில் தெருப் பெரியவர்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

“மேடம், முதுகு பின்னாடி படவே இல்லையே. எப்பவும் இப்படித்தான் உக்காருவீங்களா? அப்ப இந்தச் சேர் உங்களுக்கு செட் ஆகலைன்னுதான் நான் எழுதணும்.”

மைக்கேல்ராஜ் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினேன். “எல்லாரும் வெளிய போங்க. போங்கன்றேன் இல்ல…”

“வேணாங்க்கா” என்றாள் டயானா. “இருக்கட்டும்.”

வாசற்படியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சாய்ந்தாள். அவ்வளவு பேர் நிற்க, தலைவர் நிற்க, தோளும் முதுகும் இடுப்பும் பட, நன்றாக, நிம்மதியாகச் சாய்ந்தாள். ஒன்றும் இடிந்து விழவில்லை. ஜன்னலில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் “ம்” என்றார், அது இருமலாகக்கூட இருக்கலாம். எனக்கு அந்த நிமிசம் அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது.

“சூப்பர் மேடம். அப்ரூவ்டு. நீங்க வீட்ல இருந்தே வேலை பார்க்கலாம்.” இலக்கியா கொஞ்சம் கிட்டே வந்து பார்த்தாள். “பின்னாடி யாரு மேடம், இவ்வளவு பேரு? கொடியெல்லாம் தெரியுது?”

“எங்க தெருதாங்க” என்றாள் டயானா.

கண்ணாயிரம் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “எத்தினியோ வருசமா மனு குடுத்துக்கினு இருக்கோம். இந்தப் பொண்ணு மனு பாரு, சாய்ஞ்ச ஒடனே பாஸாயிடிச்சி!” ரூமும் தெருவும் சேர்ந்து சிரித்தது. போகும்போது கடை எங்கே இருக்கிறது என்று என்னிடம் தனியாகக் கேட்டுக்கொண்டு போனார்.

மைக்கேல்ராஜை அப்புறம் காணோம். பார்த்தால் ஜீப்பை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

“மலைக்கா தம்பி, இந்நேரத்துக்கு?”

“இல்லக்கா. மெட்ராஸுக்கு.”

விழுப்புரம் தாண்டி வண்டி ஓட்டாத மனுசன்! டயானா தங்கியிருந்த ஹாஸ்டலில் அவள் கட்டிலை இன்னும் காலி செய்யவில்லையாம். எதற்கும் இருக்கட்டும் என்று மாசாமாசம் வாடகை கட்டி வைத்திருந்தாளாம். அன்றைக்குத்தான் அவரிடமே சொல்லியிருக்கிறாள். அதுவரை யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது.

மறுநாள் விடிந்ததும் வந்து இறங்கினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, வாயெல்லாம் பல். ஜீப்பில் ஒரு பாய், ஒரு தலையணை, கைப்பிடி உடைந்து கயிறு கட்டிய ஒரு சிவப்பு வாளி.

“இந்த ஒடஞ்ச வாளிக்காகவா அவ்ளோ தூரம் போனே?” என்றேன்.

“அது அங்க இருந்தா இவ திரும்பிப் போவான்னு எனக்குத் தோணிக்கினே இருக்கும்க்கா” என்றார்.

டயானா வாசலுக்கு வந்தாள். வாளியை அவர் கையிலிருந்து வாங்கி, குழாயடியில் வைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டாள்.